விசாரிக்க வந்த இரண்டு பேர்

லிங்கராஜபுரம், பெங்களூரு
திங்கட்கிழமை

அன்பும் மரியாதையும் நிறைந்த மைத்துனர் அப்பாதுரை அவர்களுக்கு, சாமிநாதன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கை ராதாவும் உடம்பளவில் நலம். உங்கள் வீட்டம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். கையில் போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். என் மகள் தாரணி, ஒரு மாதத்துக்கு நான் யாரிடமும் வாயைத் திறக்கக்கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறாள். கடிதம் எழுதுவது வாயைத் திறப்பதில் சேராது என்பது என் கட்சி.

மச்சான், இதற்கெல்லாம் மூலகாரணம் நீங்கள்தான் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், பிறகு மறந்துவிடுவேன். போன மாதம் தாரணிக்கென்று உதயநகர் பாலகுமார் ஜாதகத்தை அனுப்பிவிட்டு நீங்கள் என்ன சொன்னீர்கள்? "அவங்க பக்கத்துலேர்ந்து ஆள் அனுப்பி விசாரிப்பாங்க. நேரா சொல்லிக்கிட்டு வரமாட்டாங்க. என்ன சாக்கு சொல்லிக்கிட்டு வந்தாலும் அவங்கதான்னு வெச்சுக்கோங்க. தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க. வேலை போனத மட்டும் மூச்சு விடாதீங்க" என்றீர்கள். நான் அப்படியே செய்தேன். முப்பத்தொரு வருஷம் மோட்டார் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்தவன், சொன்னதைச் சொன்னபடி செய்தே பழக்கம்.

போன செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு ஹெல்மெட்டும் கையுமாக ஒரு பையன் வந்தான். பெயர் சுஹாஸ். கன்னடக்காரப் பையன், ஆனால் தமிழ் நன்றாகவே பேசினான். கழுத்தில் அட்டை தொங்கியது. "தாரணி மேடம் வீடு இதேதானே சார்? வெரிஃபிகேஷனுக்கு வந்திருக்கேன்" என்றான். அட்டை வரை அச்சடித்துக்கொண்டு வந்திருக்கிறார்களே, எவ்வளவு ஒழுங்கான குடும்பம் என்று நினைத்து உட்கார வைத்து, ராதாவை வாழைக்காய் பஜ்ஜி போடச் சொன்னேன். சொந்த வீடா என்று கேட்டான். லீசுக்கு இருக்கிறோம் என்று சொல்ல வாய் வரவில்லை, சொந்தம் என்றேன். வயது கேட்டான். இருபத்தொன்பதில் இரண்டைக் கழித்துச் சொன்னேன், ஜாதகத்தில் நீங்களும் அதைத்தானே செய்திருக்கிறீர்கள். இப்போது எங்கே வேலை என்று கேட்டான். பிப்ரவரியில் முந்நூறு பேரோடு சேர்த்து இவளையும் வீட்டுக்கு அனுப்பிய அந்தப் பழைய கம்பெனியின் பெயரையே சொல்லி, ஒரு நாள் இடைவெளி இல்லாமல் அங்கேதான் இருக்கிறாள் என்றேன். கூடவே, "கல்யாணம்னு ஆயிட்டா அடுத்த நாளே வேலைய விட்டுடுவா தம்பி, அவளுக்கு வேலை மேல எப்பவுமே அவ்வளவு பிடிப்பு கிடையாது" என்று அவன் கேட்காமலேயே சேர்த்துக்கொண்டேன். அவன் பஜ்ஜியைக் கடித்தபடி எல்லாவற்றையும் போனில் ஏற்றிக்கொண்டான்.

கடைசியாக, "கேஸ் கீஸ் ஏதாவது இருக்கா சார்?" என்றான். பெண்ணுக்குக் காதல் விவகாரம் உண்டா என்று நாசூக்காகக் கேட்கிறான் என்று புரிந்துகொண்டு, நானும் நாசூக்காகவே பதில் சொன்னேன். "காலேஜ்ல படிக்கிறப்ப ஒண்ணு இருந்துச்சு தம்பி. நானே நேர்ல போய்ப் பேசி முடிச்சிட்டேன். வெளிய யாருக்கும் தெரியாது." வீட்டு வாசலைப் போட்டோ எடுக்க வேண்டும் என்றான். ராதா உள்ளே போய்ப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றாள். ஆறு பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, காலைத் தொட்டு வணங்காத குறையாகப் போனான்.

வியாழக்கிழமை தாரணிக்கு மெயில் வந்தது. நான்கு மாதம் அலைந்து அவளுக்குக் கிடைத்திருந்த புது வேலை பற்றி உங்களுக்குச் சொல்லியிருந்தேன். ஒரு ஜெர்மன் இன்சூரன்ஸ்காரர்கள். முன்பெல்லாம் இங்குள்ள கம்பெனிகளுக்கு வேலையைக் கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தவர்கள், இப்போது இங்கேயே பன்னிரண்டு மாடி எடுத்து, தாங்களே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். வேலைக்கு எடுப்பதற்கு முன் ஆளைப் பற்றி விசாரிப்பார்களாம். அந்த விசாரணையை அவர்கள் மும்பையில் ஒரு கம்பெனிக்குக் கொடுக்க, அது இன்னொரு ஏஜென்சிக்குக் கொடுக்க, அது சுஹாஸுக்குக் கொடுத்திருக்கிறது. ஜெர்மனியில் கேட்ட கேள்விக்கு லிங்கராஜபுரத்தில் நான் பதில் சொல்லியிருக்கிறேன், மச்சான். அவர்கள் அனுப்பிய அறிக்கையைத் தாரணி கூடத்தில் நின்று வாய்விட்டு வாசித்தாள். வயதில் முரண்பாடு. வீட்டு விவரத்தில் முரண்பாடு. பழைய வேலையை விடாமலே புது வேலைக்கு மனுச் செய்திருப்பதாகச் சந்தேகம். நீண்ட நாள் பணியாற்றும் எண்ணம் இல்லை என்று தந்தை தெரிவித்தார். குற்ற வழக்கு ஒன்று இருந்து, தந்தையால் ரகசியமாகப் பேசி முடிக்கப்பட்டுள்ளது.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "வேலை போனது எனக்குப்பா. வெட்கம் உங்களுக்கு எதுக்கு?" என்று மட்டும் கேட்டாள். நான் செவ்வாய்க்கிழமை சொன்னதெல்லாம் பொய் என்று எழுதி வாங்கி, கீழ்வீட்டு மதலைமுத்துவிடம் சாட்சிக் கையெழுத்தும் வாங்கி அனுப்பினாள். மறுபடியும் விசாரிக்க ஆள் வரலாம் என்று பதில் வந்தது. "வந்தா உண்மைய மட்டும் சொல்லுங்க. முழுசா சொல்லுங்க" என்றாள்.

சனிக்கிழமை அவளும் ராதாவும் சிவாஜிநகருக்குத் துணி எடுக்கப் போயிருந்தார்கள். அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் குடையோடு வந்து, "இந்தப் பக்கம் வாடகைக்கு வீடு ஏதாவது காலியா இருக்குங்களா?" என்று கேட்டார். சுஹாஸ் வெளிப்படையாக வந்து ஏமாந்ததால், இந்த முறை பெரிய அதிகாரியையே மாறுவேஷத்தில் அனுப்பிவிட்டார்கள் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. "மறைக்காதீங்க சார், நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். வாங்க, எல்லாத்தையும் சொல்லிடறேன்" என்றேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது, ஆனாலும் வந்து உட்கார்ந்தார். பஜ்ஜி கிடையாது. தண்ணீர் மட்டும் கொடுத்தேன்.

ஆதாரையும் பத்தாவது மார்க் ஷீட்டையும் அவர் மடியில் வைத்து, வயது இருபத்தொன்பது என்றேன். இது லீஸ் வீடு என்றேன். "பிப்ரவரில வேலை போயிடுச்சு சார். நாலு மாசம் வீட்லதான் இருந்தா. ஊர்ல எல்லார்கிட்டயும் மறைச்சோம், அது எங்க தப்பு. ஆனா அந்த நாலு மாசத்துல நூத்து நாப்பது இடத்துக்கு அப்ளிகேஷன் போட்டா. பதினோரு இன்டர்வியூ. ஒவ்வொண்ணுலயும் வேணாம்னு சொல்லச் சொல்ல, அடுத்த நாள் காலைல அஞ்சு மணிக்கு எழுந்து படிக்க உக்காந்துடுவா. என்னை வேலைய விட்டு அனுப்பியிருந்தா நான் ஒரு வாரத்துல படுத்திருப்பேன். அவள மாதிரி ஆள் உங்களுக்கு வேற எங்கயும் கிடைக்காது சார்" என்றேன். இதை ஏன் நான்கு மாதமாக யாரிடமும் சொல்லவில்லை என்று என் மேலேயே கோபம் வந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நைட் ஷிஃப்ட் வருவாள், ஜெர்மனிக்கு இரண்டு வருஷம் அனுப்பினாலும் போவாள் என்றேன். அவர் மெதுவாக, "கல்யாணம் எதுவும் பாக்கலீங்களா?" என்று கேட்டார். "உதயநகர்ல ஒரு பேச்சு ஓடிட்டிருக்கு சார். அதப் பத்தி நீங்க கவலைப்படாதீங்க, உங்களுக்கு இடைஞ்சல்னா தள்ளி வெச்சிடறோம். அவங்க கொஞ்சம் விவரமில்லாத ஆளுங்க, என்ன சொன்னாலும் நம்புவாங்கன்னு என் மச்சான் சொல்லியிருக்காரு" என்றேன். அவருக்குத் தண்ணீர் புரையேறியது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "நான் பாலகுமாரோட சித்தப்பா" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

ஆகவே மச்சான், இந்தக் கடிதம் கண்டதும் அவர்கள் வீட்டுக்குப் பேசி, சாமிநாதனுக்குச் சர்க்கரை இறங்கி உளறிவிட்டார், அன்றைக்குச் சொன்னது ஒன்றும் உண்மையில்லை என்று சொல்லிவிடுங்கள். கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கம்பெனிக்குச் செவ்வாய்க்கிழமை சொன்னது பொய், சனிக்கிழமை சொன்னது உண்மை. மாப்பிள்ளை வீட்டுக்குச் சனிக்கிழமை சொன்னது பொய், செவ்வாய்க்கிழமை சொன்னது உண்மை. மாற்றிச் சொல்லிவிட்டீர்களானால் தாரணிக்கு வேலையும் இல்லை, கல்யாணமும் இல்லை, எனக்கு இந்த வீட்டில் சோறும் இல்லை.

பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். வீட்டம்மாவுக்கு எங்கள் இருவரின் அன்பைச் சொல்லவும்.

இப்படிக்கு, வாயைத் திறக்காத உங்கள் மைத்துனன்,
சாமிநாதன்

பின்குறிப்பு, புதன்கிழமை: கடிதம் இரண்டு நாளாகச் சட்டைப்பையிலேயே இருந்துவிட்டது. நல்லதாகப் போயிற்று. மேலே செய்யச் சொன்ன எதையும் செய்யாதீர்கள். ஆறு பக்கம் எழுதியதைக் கிழிக்க மனசு வராததால் அனுப்புகிறேன்.

தாரணிக்கு வேலை உறுதியாகிவிட்டது, திங்கட்கிழமை சேர்கிறாள். ஆவணங்கள் சரியாக இருக்கின்றன, தந்தையின் கூற்று கணக்கில் எடுத்துக்கொள்ளப்படவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். நேற்று பாலகுமாரின் சித்தப்பாவும் பேசினார். பையனுக்கும் ஜனவரியில் வேலை போய்விட்டதாம். அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் குடையோடு வந்திருக்கிறார். "நீங்க மொதல்ல சொல்லிட்டீங்க, எங்களுக்கு மூச்சே இப்பதான் வந்துச்சு" என்றார். பிறகு தாரணியும் அந்தப் பையனும் ஒரு மணி நேரம் போனில் பேசினார்கள். அவள் சிரித்தது சமையலறை வரை கேட்டது. பிப்ரவரிக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை, மச்சான்.

இதையெல்லாம் உங்களிடம் போன மாதமே சொல்லிவிட்டதாகச் சித்தப்பா சொல்கிறார். "வேலை போனத மட்டும் மூச்சு விடாதீங்க" என்று அவர்களுக்கும் நீங்கள்தான் யோசனை சொன்னீர்களாம்.

சனிக்கிழமை அவர்கள் வீட்டுக்குத் தாரணி தன் சார்பில் ஆள் அனுப்பி விசாரிக்கிறாள். நான் போகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டாள். சுஹாஸ் போகிறான். அவனிடம் என்ன சொல்வது என்று அவர்கள் உங்களைக் கேட்டால், நீங்களும் ஒரு மாதம் வாயைத் திறக்காதீர்கள்.