தும்பு போட்டுத் தேய்த்த கழுத்து

சுத்தத்தில் அளவுக்கு மீறிப் பெருமைப்படுகிறவர்களை அழுக்கு எப்படியாவது தேடிக்கொண்டு வரும். என்னிடம் அது கழுத்தின் பின்பக்கமாக வந்தது.

ஹேவாஹெட்டவில் எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் மாணவர்களுக்குள் நான்தான் சுகாதாரத் தலைவி. பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி நகம், தலைமுடி, கொலர் என்று ஒழுங்காகப் பார்ப்பேன். (தலைவிச் சின்னத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கிய பிறவி நான்.) "டொக்டர் வருகிறார். சுத்தத்துக்கு உதாரணமாக உன்னைத்தான் முன்னால் நிறுத்தப்போகிறேன்" என்றார் பாடசாலை அதிபர். அந்த வாரம் பார்த்தா என் கழுத்தில் கறுப்புப் பட்டை தெரிய வேண்டும்!

"ஏன்டி, குளிக்கிறியா, தண்ணிய வேடிக்க பாக்குறியா?" என்று அம்மா தேங்காய்த் தும்பை எடுத்தார். சவர்க்காரம், தேசிக்காய்ச் சாறு, கடைசியில் அடுப்புச் சாம்பல். தோல் சிவந்தது, பட்டை அசையவில்லை.

"பாத்திரமா இருந்தா இந்நேரம் ஓட்ட விழுந்திருக்கும்" என்றார் அப்பா, உள்ளங்கைச் சீனியை நக்கிக்கொண்டே பாலில்லாத பிளேன்டீ குடித்தபடி.

வேறு வழியின்றிப் பவுடரை அப்பிக்கொண்டு போய் முன்னால் நின்றேன். வெயிலில் வியர்த்து அது வெள்ளை வெள்ளையாக வழிந்தது.

"டீச்சர், தலைவிக்குச் சுண்ணாம்பு ஒழுகுது!" என்று எனக்குப் பின்னால் நின்ற தோழி செல்வி கத்தினாள்.

சின்னம் போயிற்று என்றே நினைத்தேன். யாழ்ப்பாணத்து டொக்டரம்மா அருகில் வந்து பவுடரைத் துடைத்துப் பார்த்தார்.

"இது ஊத்தை இல்லை, பிள்ளை. காலமை என்ன சாப்பிடுறனீர்?"

"ரொட்டி, பிளேன்டீ. சீனி நெறைய."

"மத்தியானம்?"

"ரொட்டி."

"பின்னேரம்?"

"பணிஸ், பிளேன்டீ."

"மரக்கறி?"

"வீட்டுக்குப் பின்னால போஞ்சி, கரட் எல்லாம் இருக்குங்க. லொறியேறிக் கண்டிக்குப் போயிரும்."

எல்லோரும் சிரித்தார்கள். டொக்டர் சிரிக்கவில்லை. இன்சுலின் சொல்வதை உடம்பு கேட்காமல் போனால் கழுத்து இப்படிக் கறுக்குமாம். இப்போதே சாப்பாட்டை மாற்றினால் சீனி வியாதி வராமல் தடுக்கலாமாம். (பாடசாலையையே வரிசையில் நிறுத்தியவளின் உடம்புக்குள் இப்படியொரு கீழ்ப்படியாமை!) கண்டியில் இரத்தம் சோதித்தபோது அவர் சந்தேகம் சரியென்று தெரிந்தது.

சின்னம் போகவில்லை. போனது வீட்டுச் சீனிப் போத்தல்தான். அப்பாவின் உள்ளங்கை காய்ந்தது. லொறிக்குக் கூடை கட்டுமுன் எங்களுக்கென்று போஞ்சியை எடுத்துவைக்க ஆரம்பித்தார் அம்மா. பட்டையும் மெல்ல மங்கியது.

பல வருடங்களுக்குப் பிறகு பிலிமத்தலாவையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தவர், தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னுங் கொஞ்சம் சீனி கெடைக்குங்களா?" என்றார். அம்மா எழுந்து அவருக்குப் பின்னால் போய், கொலரை விலக்கிக் கழுத்தைப் பார்த்தார்.

இன்றும் அம்மா வீட்டுப் படியேறும்போது என் கணவராகிவிட்ட அவர் மேல் பொத்தானைப் போட்டுக்கொள்வார். உள்ளேயிருந்து அப்பாவின் குரல் தவறாமல் வரும்:

"மாப்பிள்ள வந்துட்டாரு, தும்ப எடுத்து வையி!"