வந்தும் வராத மெயில்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. சட்டக் கல்லூரி ஆபீஸ் கதை. சத்தமாச் சொன்னா விளக்கம் கேட்டுக் கடுதாசி வரும்.

அந்தக் கல்லூரியில் மின்னணுத் தகவல் தொடர்புச் சட்டத்துக்கென்று ஒரு முதுகலைப் படிப்பு. வக்கீலம்மா ஒருத்தி சேர்ந்தாள். இரண்டு பிள்ளைகளையும் மாமியார் தலையில் கட்டிவிட்டு, இரண்டு வருஷம் கண் எரியப் படித்தாள். பெரிய தொலைபேசிக் கம்பெனியில் வேலை தயாராக இருந்தது. பட்டம் வந்தால் வேலை. இல்லாவிட்டால் அடுத்த ஆள். ஆய்வேட்டை மெயிலில் அனுப்பியிருந்தாள். ஐந்து மணிக்குக் கெடு முடிகிற நாளில், ரசீது வாங்க ஆபீஸுக்கு வந்தாள்.

தபால் பிரிவில் இருந்தவரை எல்லாரும் முத்திரை மாமா என்பார்கள். கையில் முத்திரை இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை.

"ஆய்வேடு வரலையேம்மா."

"சார், உங்க திரையில மேலேருந்து நாலாவது. என் பேரு தெரியுதே!"

"தெரியுது. ஆனா வரலை."

"அதெப்படி சார்?"

"வாசல்ல ஆள் நிக்கிறது தெரியும். உள்ளே வந்துட்டார்னு எழுத முடியுமா? பிரிண்ட் எடுத்து, பதிவேட்டுல ஏத்தி, முத்திரை குத்தினாத்தான் வந்ததாகக் கருதப்படும்."

"நானே பிரிண்ட் எடுத்துட்டு வரேன்."

"சேச்சே! மின்னணுப் படிப்புக்குக் காகிதம் வாங்கலாமா? மெயில்லதான் வரணும். காலம் மாறிப்போச்சும்மா."

"அப்ப நீங்க எடுங்க."

"பிரிண்டர்ல மை இல்லை. ஸ்டோருக்கு மெயில் போட்டு ரெண்டு வருஷமாச்சு. அவங்களுக்கும் வரலை."

"ஸ்டோர் அலமாரி நிறைய மை இருக்கே!"

"அலமாரியில இருக்கு. அவங்க பிரிண்டர்ல இல்லையே."

வக்கீலம்மா பேராசிரியரிடம் ஓடினாள்.

"ஐயா, மெயில் எதிராளி கணினிக்குள்ள நுழைஞ்ச கணமே வந்து சேர்ந்ததா அர்த்தம்னு நீங்கதானே ஒரு மாசம் நடத்தினீங்க?"

"அது பாடம்மா. ஆபீஸ்ல போய்ப் பாடம் பேசினா மரியாதையா இருக்குமா? என் லீவு லெட்டரே போன வருஷத்துலேருந்து வரலை. லீவைப் போட்டுட்டுத் தினமும் வந்து உட்கார்ந்திருக்கேன்."

ஆனாலும் நல்ல மனுஷன். முதல்வர் அறைவரைக்கும் துணைக்கு வந்தார். மணி நாலே முக்கால்.

"விதின்னா விதிதான்," என்றார் முதல்வர்.

வக்கீலம்மா பணிவாகக் கையைக் கட்டிக்கொண்டாள். "சரிங்கய்யா. போன மாசம் உங்களுக்கு ஓய்வு வயசு ஆச்சாம். பதவியை ஒரு வருஷம் நீட்டிச்சிருக்காங்களாம். அந்த உத்தரவு எதுல வந்துச்சு?"

"மெயில்லதான்!" என்றார், மார்பு நிமிர.

"பிரிண்ட் எடுத்தாச்சுங்களா?"

முதல்வர் சூடு பட்டவர்போல நாற்காலியை விட்டு எழுந்தார்.

"அப்ப இதுல ஒரு மாசமா உட்கார்ந்திருக்கிறது யாரு?"

"அதைக் கேக்கலாம்னுதான் வந்தேன்."

அவர் வாழ்நாளில் அப்படி ஓடியதில்லை. ஸ்டோர் அலமாரியைத் தன் கையால் திறந்து, மைப்பெட்டியைப் பிள்ளையைப்போல் அணைத்துக்கொண்டு வந்தார். முதலில் அவர் உத்தரவு அச்சாகி வந்தது. அடுத்து ஆய்வேட்டின் முதல் பக்கம். முத்திரை விழுந்தபோது ஐந்துக்கு இரண்டு நிமிஷம். ரசீது வக்கீலம்மா கைக்கு வந்தது.

மை வந்த சந்தோஷத்தில் முத்திரை மாமா, தேங்கிக் கிடந்த மெயில் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பொத்தானைத் தட்டிவிட்டார். அடுத்த காகிதம் மெல்லத் தலை நீட்டியது. மேலிடத்து உத்தரவு; தேதி இரண்டு வருஷம் பழசு. நாலு பேரும் குனிந்து படித்தார்கள்.

'மேற்படி முதுகலைப் படிப்பு இன்று முதல் ரத்து செய்யப்படுகிறது. இதன்பின் வழங்கப்படும் பட்டமோ, இதற்கெனப் பெறப்படும் சம்பளமோ…'

மீதி இன்னும் பிரிண்டருக்குள் இருந்தது. முத்திரை மாமாவின் கை அந்தரத்தில் நின்றது.

"இது… வந்துடுச்சா, வரலையா?"

முதல்வர் பேராசிரியரைப் பார்த்தார். பேராசிரியர் வக்கீலம்மாவைப் பார்த்தார்.

"பாதிதானே சார் வந்திருக்கு," என்றபடி அவள் மேஜைக்கு அடியில் குனிந்து, பிளக்கைப் பிடுங்கினாள்.