கேபின் முதுகிலிருந்து பதிமூன்றடி

பள்ளிபாளையத்தில் காவிரிக் காற்றும் ஓய்வூதியமும் குறைவின்றிப் பெற்று வாழும் மதிப்பிற்குரிய மச்சான், ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் திரு. மோகன்குமார் அவர்கள் சமூகத்திற்கு, நாமக்கல் லாரிப் பட்டறையிலிருந்து உங்கள் தங்கை வீட்டுக்காரன் நவநீதகிருஷ்ணன் பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கு உங்கள் தங்கை சாரதாமணி சுகம். எருமை இரண்டும் சுகம். பட்டறையில் நான்கு லாரிக்குப் பாடி கட்டும் வேலை ஓடுகிறது, அதுவும் சுகம். சுகமில்லாதவன் நான் ஒருத்தன்தான். மூன்று வாரமாக நெஞ்சிலிருந்து வயிறு வரைக்கும் எரிகிறது. டாக்டர் கேஸ் என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார். எனக்குத் தெரியும், இது கேஸ் இல்லை, ஏரோப்ளேன்.

போனில் பேசாமல் இந்தக் காலத்தில் ஏன் கடிதம் என்று நீங்கள் யோசிக்கலாம். போனில் பேசினால் சாரதாமணி பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள். வாட்ஸப்பில் எழுதினால் என் விரல் தடுமாறிக் குடும்ப குரூப்பில் போய் விழுகிறது. ரகசியத்துக்குக் கடிதம் மாதிரி வராது. எழுதி முடித்ததும் ஒட்டி, தபாலில் போடச் சொல்லி உங்கள் தங்கையிடமே கொடுத்துவிடுவேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் சின்னத் தங்கையின் வீட்டுக்காரன், எனக்குச் சகலை, கோழிப்பண்ணை மருதாசலம். அவனை உங்களுக்குத் தெரியாதா என்ன, ஆனாலும் இப்படி முழுசாகச் சொன்னால்தான் எனக்குக் கோபம் சரியாகக் கிளம்புகிறது. அவன் மகள் சௌந்தர்யா விமானம் ஓட்டப் போகிறாளாம். ஓட்டட்டும். ஆனால் அவள் பிளஸ் டூவில் படித்தது வணிகவியல். விமானியாகப் பயிற்சிக்குச் சேர வேண்டுமென்றால் பிளஸ் டூவில் கணக்கும் இயற்பியலும் தேறியிருக்க வேண்டுமாம். அந்த இரண்டை மட்டும் திறந்தநிலைப் பள்ளி வழியாக இப்போது எழுதுகிறாள். அதற்கு ஞாயிற்றுக்கிழமை தோறும் பஸ் ஏறி உங்கள் வீட்டுக்கு வருகிறாள், நீங்களும் தாய்மாமன் பாசத்தில் சொல்லித் தருகிறீர்கள். இன்னும் ஒரு பரீட்சை எழுதவில்லை, ஒரு இறக்கையைத் தொட்டுப் பார்க்கவில்லை, அதற்குள் மருதாசலம் முட்டை வண்டியின் பின்னால் ஏரோப்ளேன் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டான் மச்சான்! டீக்கடையில் என்னைப் பார்த்தால், "ஏனுங்கண்ணா, கேப்டன் பாப்பாவுக்கு ஒரு டீ சொல்லட்டுங்களா?" என்கிறான். பாப்பா வீட்டில் தூங்குகிறது. டீயை இவனே குடிக்கிறான்.

நான் பொறாமைக்காரன் இல்லை. பொறாமைப்படுவதற்கு நேரமில்லாததால்தான் காலை நாலரைக்கே எழுந்துகொள்கிறேன். ஆனால் நீங்களே நினைத்துப் பாருங்கள். இருபத்தேழு வருஷமாக நம் இரண்டு குடும்பத்துக்கும் கணக்கு என்றால் யார்? நவநீதன். கிடா விருந்துக்கு எத்தனை கிலோ அரிசி, பந்தலுக்கு எத்தனை தகரம், மாடிக்கு எத்தனை படிக்கட்டு, எல்லாம் என்னைக் கேட்டுத்தான். போன மாதம் பெரியவர் ஒருத்தர் வீட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டினார்கள். எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று பேச்சு வந்தது. நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பேனாவைத் திறந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டினேன். அதற்குள், "சௌந்தர்யாவைக் கேட்டுப்போட்டேன், ரெண்டாயிரத்து நானூறாமா" என்று சொல்லிவிட்டார்கள். பேனாவை மூடக்கூட எனக்குக் கை வரவில்லை.

அப்படி என்னதான் மலையைப் புரட்டுகிற கணக்கு என்று விசாரித்தேன். பயங்கரமாக இருக்கும், பிள்ளை பாதியில் ஓடி வந்துவிடும் என்று நம்பித்தான் விசாரித்தேன், உங்களிடம் மறைப்பானேன். பார்த்தால் பெரிய ஏமாற்றம். வேகம், தூரம், நேரம். முக்கோணத்தில் கோணம் கண்டுபிடிக்கிறது. காற்று எந்தப் பக்கம் அடித்தால் மூக்கை எந்தப் பக்கம் திருப்புவது. வெயில் ஏறினால் காற்று லேசாகிவிடும், அதனால் நம்ம சேலத்துச் சித்திரை வெயிலில் விமானம் கிளம்ப இன்னும் கொஞ்ச தூரம் ஓட வேண்டும். அப்புறம் எடையை எங்கே வைப்பது என்கிற கணக்கு. இவ்வளவுதான். இதையெல்லாம் தப்பில்லாமல், சீக்கிரமாக, மனசிலேயே போடத் தெரிந்தால் போதுமாம். இவ்வளவுதானா என்று ஒரு நிமிஷம் நிம்மதியானேன். மறு நிமிஷம், இவ்வளவுதான் என்றால் இவள் பாஸாகிவிடுவாளே என்று எரிச்சல் இரட்டிப்பானது.

ஆகவே போன வாரம் கோயில் கிடா விருந்தில், நாற்பது பேர் இலையில் உட்கார்ந்திருக்கும்போது, நானே பரீட்சை வைத்தேன். "ஏம் பாப்பா, கோழிக்கும் ரெக்கை இருக்குது. உங்கப்பன் பண்ணையில ஒண்ணாவது பறந்து பாத்திருக்கறயா? ஏன் பறக்க மாட்டேங்குது, சொல்லு பாக்கலாம்." பிள்ளை குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள், "அது ஒடம்பு கனத்துக்கு ரெக்கை பத்தாதுங்க பெரியப்பா. இருக்கற ரெக்கைக்கு வேலிக்கு மேல ஏறும், அவ்வளவுதானுங்க." நாற்பது பேரும் என் வயிற்றைப் பார்த்தார்கள். நான் ஏன் கோழியை எடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். "நீ ஒண்ணு கேளு, நான் சொல்றேன்" என்று நானே கழுத்தை நீட்டினேன். "மாமா ஊட்டுப் பக்கம் பரிசல்ல ஏறி அக்கரைக்கு நேரா போய் எறங்கோணும். ஆத்துல தண்ணி தெக்கால இழுக்குது. எந்தப் பக்கம் பாத்துத் துடுப்புப் போடுவீங்க பெரியப்பா?" என்றாள். "நேராப் போறதுக்கு நேராத்தான் போடோணும், இதென்ன கேள்வி?" என்றேன். இலை போட்டுக்கொண்டிருந்த வள்ளியாத்தாள் அத்தை, பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர், "நேராப் போட்டா நீ கொடுமுடியில போயி எறங்குவே சாமி. வடக்க பாத்துத் தள்ளோணும்" என்றார். விமானமும் அப்படித்தானாம், காற்று தள்ளுகிற பக்கத்துக்கு எதிராகக் கொஞ்சம் மூக்கைத் திருப்பி வைக்க வேண்டுமாம். அத்தை பாஸ், நான் பெயில். மருதாசலம் எனக்கு இன்னொரு கரண்டி கறி போட்டான். ஆறுதலுக்குப் போட்டான் மச்சான், அதுதான் தாங்கவில்லை!

அந்த வேகத்தில்தான் முட்டை விஷயம் நடந்தது. மருதாசலம் வாயால் ஊர் முழுக்கக் கேட்டிருப்பீர்கள், என் வாயாலும் கேளுங்கள். அவனுடைய புது லாரிக்கு நான்தான் பாடி கட்டிக் கொடுத்தேன். முதல் லோடு முட்டையும் கோழித்தீவனமும், பட்டறையிலேயே ஏற்றினார்கள். சௌந்தர்யாவின் புத்தகத்தில் விமானத்தில் பாரம் ஏற்றுகிற கணக்கு ஒன்று பார்த்திருந்தேன். ஒவ்வொரு எடையும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதென்று அளந்து, பெருக்கி, கூட்டி, மொத்த எடையால் வகுத்தால் பாரத்தின் நடுப்புள்ளி வந்துவிடும். லாரிக்குப் போட்டால் என்ன? தீவனம் ராசிபுரத்தில் முதலில் இறங்கவேண்டியது, அதனால் மூட்டையெல்லாம் பின்கோடிக்கு, முட்டை முன்னால் என்று சொன்னேன். ஏற்றுகிற வேல்முருகன் ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "அண்ணா, மூக்குத் தூக்கீருமுங்க" என்றான். "சும்மா இரப்பா, இது விமானக் கணக்கு" என்று டேப்பை இழுத்தேன். நடுப்புள்ளி பதிமூன்றடி வந்தது. லாரிக் கம்பெனித் தாளில் பின்வீல் பதினாலடி என்று போட்டிருந்தது. பாரம் பின்வீலுக்கு முன்னாலேயே விழுகிறது, ஒரு அடி மிச்சம்! பேப்பரில் இரண்டு கோடு போட்டுக் கையெழுத்தும் போட்டேன்.

லாரி பட்டறை வாசல் மேட்டில் ஏறியது. மேட்டில் பாதி ஏறும்போது முன்வீல் இரண்டும் தரையை விட்டுவிட்டன மச்சான். நம் குடும்பத்தில் முதன்முதலாகத் தரையை விட்டுக் கிளம்பிய வண்டி அதுதான், சௌந்தர்யா இல்லை, நான் அனுப்பினது! பின்கதவு திறந்து மூட்டை சரிந்தது. பாரம் விலகினதும் மூக்குத் தொப்பென்று விழுந்தது. முன்னால் இருந்த முட்டை அட்டைகள் அத்தனையும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தன. பட்டறை வாசலில் மஞ்சள் வாய்க்கால் ஓடியது. தெருநாய் ஒன்று மூன்று நாளாக எங்கள் வாசலை விட்டு நகரவில்லை.

சௌந்தர்யா வந்தாள். சிரிக்கவில்லை. என் பேப்பரை எடுத்து ஒரு நிமிஷம் பார்த்தாள். "பெருக்கினது வகுத்தது எல்லாம் சரிதானுங்க பெரியப்பா. நீங்க எங்கிருந்துங்க அளந்தீங்க?" என்றாள். "கேபின் முதுகிலிருந்து. முப்பது வருஷமா நாமக்கல்லுல பாடி கட்டறவன் எவனும் அங்கிருந்துதான் டேப்பு வைப்பான்" என்றேன். "கம்பெனித் தாளுல முன்வீல்ல இருந்து போட்டிருக்குதுங்க. நடுவுல அஞ்சடி இருக்குது. உங்க பதிமூணு நெசத்துல பதினெட்டுங்க" என்றாள். பின்வீலுக்கு நாலடி பின்னால் பாரத்தை வைத்திருக்கிறேன். எல்லாம் ஒரே இடத்திலிருந்து அளக்க வேண்டுமாம், விமானத்தில் அதுதான் முதல் பாடமாம். மருதாசலம் வாயைத் திறந்தான். அவள், "அப்பா, பெரியப்பா கணக்கு சரி, டேப்பு வெச்ச எடந்தான் தப்பு" என்று அடக்கிவிட்டாள். திட்டியிருந்தால் அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

ஆகவே மச்சான், என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. இந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பை நிறுத்திவிடுங்கள். இந்தப் பிள்ளைக்குக் கணக்கு வராது, இயற்பியல் ஒத்துக்கொள்ளாது என்று மருதாசலத்திடம் உங்கள் வாயால் சொல்லுங்கள். நான் சொன்னால் வயிற்றெரிச்சல் என்பான், நீங்கள் சொன்னால் அறிவுரை என்பான். பரீட்சைக்கு இன்னும் ஆறு வாரம்தான் இருக்கிறது. அவள் பாஸாகிவிட்டால் இனிமேல் எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவுக்குக் கொக்கி வைக்கக்கூட என்னை யாரும் கேட்கமாட்டார்கள்.

தங்களுக்கும் வீட்டில் அக்காவுக்கும் நோய்நொடி அண்டாமல், கால்வலி குறைந்து, காவிரியில் தண்ணீர் குறையாமல் இருக்கக் குலதெய்வத்தை வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணக்கு அறிந்த உங்கள் மாப்பிள்ளை,
நவநீதகிருஷ்ணன்

பி.கு.: மேலே எழுதினதை எல்லாம் அடித்துவிடுங்கள். வகுப்பை நிறுத்தாதீர்கள். நான் பிளஸ் டூ பாஸ் என்று சொல்லித்தான் உங்கள் தங்கையைக் கட்டினேன், அது பொய். இயற்பியலில் பதினொரு மார்க்கில் போய்விட்டது. கணக்கிலும் போய்விட்டது, அதற்கு எத்தனை மார்க் என்று கேட்காதீர்கள். முட்டை உடைந்த மறுநாளே சௌந்தர்யாவிடம் விஷயத்தைச் சொல்லி, அதே இரண்டு பரீட்சைக்கும் விண்ணப்பம் போட்டுவிட்டேன், மையமும் ஒன்றுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளோடு நானும் பஸ்ஸில் வாரேன். சாரதாமணியிடம் ஈரோட்டுக்குப் பலகை எடுக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறேன், காட்டிக் கொடுத்துவிடாதீர்கள். விமானமெல்லாம் நான் ஓட்டப் போவதில்லை. அவளைவிட ஒரே ஒரு மார்க் கூடுதலாக வாங்கினால் போதும்.

அண்ணா, நான் சாரதாமணி. தபால்ல போடச் சொல்லிக் குடுத்தாரு, ஒட்டினது சரியில்லை, தானாத் தெறந்துக்கிச்சு. கல்யாணத்துக்கு முன்னாடி இவரு படிச்ச பள்ளிக்கூடத்துல போய் விசாரிச்சுட்டு வந்து, "ரெண்டு பாடம் போயிருக்குது, ஆனா பையன் நல்லவன், கட்டிக்க" அப்படின்னு சொன்னது நீங்கதானே? இத்தனை வருஷம் நாம சொல்லலை, இனியும் சொல்ல வேண்டாம். விண்ணப்பத்துக்குப் போட்டோ எடுக்கச் சட்டை தேச்சுக் குடுத்ததே நான்தான். பரீட்சையில பாப்பாவுக்குப் பின்னாடி எடம் கெடைச்சா இவரு பாத்து எழுதீருவாரு, கண்டிச்சு வையுங்க. எழுதினாலும் போகுது, எங்கிருந்து அளக்கறதுன்னு அதையும் சேத்துப் பாத்து எழுதச் சொல்லுங்க.