மிதிபுரிப் பொன்னாடை

மலைக்கும் கடலுக்கும் நடுவே மிதிபுரி என்றொரு நாடு. அதன் மன்னர் ஒளிச்செல்வர் முடிசூடிய அன்றே, "அவரவர் கால், அவரவர் வெளிச்சம்" என்று அறிவித்தார். வீட்டுக்கு ஒரு மிதிசக்கரம் வந்தது. ஏறி மிதித்தால் விளக்கு எரியும். ஜனங்கள் கைதட்டினார்கள். தட்டுவதற்கென்ன, அப்போது கால் வலிக்கவில்லை.

அடுத்த ஆணையில் ஒவ்வொரு சக்கரத்திலிருந்தும் அரண்மனைக்கு ஒரு கம்பி இழுத்தார்கள். மிதித்ததில் பாதிக்கு மேல் அந்தப் பக்கம் போயிற்று. மந்திரி பதவிக்குத் தேர்தல் வந்தது. மன்னரின் இரண்டு மைத்துனர்களும் எதிரெதிராக நின்றார்கள். ஒருவர் சக்கரத்துக்கு மணி தருகிறேன் என்றார், மற்றவர் உட்கார மெத்தை தருகிறேன் என்றார். கம்பியைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை. மெத்தை ஜெயித்தது. வீடு வீடாக மெத்தை வந்து சேர்ந்ததும், "இப்போதுதான் சுகமாக உட்கார முடிகிறதே" என்று சொல்லி மிதிக்க வேண்டிய நேரத்தை அரண்மனை கூட்டியது.

செங்கமலத்துக்கு மணியும் தெரியாது, மெத்தையும் தெரியாது. அவள் புருஷன் மருதையனுக்கு நுரையீரல் கெட்டுப்போய், மூச்சுக் கருவியால்தான் உயிர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் மிதித்தால் கருவி ஓடும். எதிர்வீட்டுப் பவளக்கொடி வந்து மாற்றிவிடும் நேரத்தில்தான் அவள் சோறு தின்பாள், கண் மூடுவாள். நாட்டிலேயே அதிகம் மிதிக்கும் குடிமகள் செங்கமலம்தான் என்று அரண்மனை கண்டுபிடித்தது. ஏன் மிதிக்கிறாள் என்பதைக் கண்டுபிடிக்க யாருக்கும் நேரமில்லை.

ஒளித்திருவிழா மாலையில் வீட்டுக்கு வீடு எல்லோரும் சக்கரத்தில் இருந்தார்கள். மன்னர் ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தார். மிதித்துறைச் செயலர் தணிகைநாதர் பொன்னாடையும் இரண்டு காவலர்களுமாகச் செங்கமலத்தின் வீட்டுக்குள் நுழைந்தார்.

"இறங்கி வாங்கம்மா. மாமன்னர் சார்பில் உங்களைக் கௌரவிக்கணும்."

"இப்படியே போத்திட்டுப் போங்கய்யா. இறங்கினா அவருக்கு மூச்சு நின்னுரும்."

"அரசு மரியாதையை உட்கார்ந்து வாங்கினா ராஜதுரோகம். விதி இருக்கு."

"செத்துப்போவாருய்யா."

"அதுக்கு வேற துறை இருக்கும்மா."

காவலர்கள் நெருங்கினார்கள். செங்கமலம் மிதிப்பதை நிறுத்தவில்லை. கட்டிலில் மருதையன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரிங்கய்யா, இறங்குறேன். அதுவரைக்கும் நீங்க ஏறி மிதிங்க. அது கூடாதுன்னு விதி இருக்கா?"

செயலர் யோசித்துப் பார்த்தார். இல்லை. ஓர் அதிகாரி சக்கரத்தில் ஏறுவார் என்று விதி எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்கவே இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார்.

காவலன் பொன்னாடையைப் பிரிப்பதற்குள் செயலருக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. கருவி திணறியது. மருதையனின் உதடு நீலம் பாய்ந்தது.

"வேகமா மிதிங்கய்யா, உங்க காலப் புடிச்சுக் கேக்குறேன்."

"மிதிச்சுக்கிட்டுத்தானேம்மா இருக்கேன். எல்லாம் எங்கதான் போகுது?"

"அரண்மனைக்குங்கய்யா."

கட்டிலில் ஒரு கை துவண்டு விழுந்தது. செயலர் பதறிப்போனார்.

"அந்தக் கம்பியப் புடுங்கித் தொலைம்மா!"

"உத்தரவுங்களா?"

"உத்தரவுதான்!"

பிடுங்கினாள். கருவி சீராக ஓடத் தொடங்கியது. மருதையனின் மார்பு ஏறி இறங்கியது. செங்கமலம் சுவரோடு சாய்ந்து அழுதாள்.

எதிர்வீட்டில் சன்னலோரம் மிதித்துக்கொண்டிருந்த பவளக்கொடியின் காதில் அந்த உத்தரவு விழுந்தது. கம்பியைப் பிடுங்க உத்தரவாம் என்று வீட்டுக்கு வீடு சொல்லிக்கொண்டார்கள். மிதிபுரியில் எந்த ஆணையும் அவ்வளவு வேகமாக நிறைவேறியதில்லை. "உங்களுக்கெல்லாம் ஒளி தருபவன் நான்…" என்று இழுத்துக்கொண்டே போன மன்னரின் குரல் நின்றுபோயிற்று. அரண்மனை இருண்டது. வீடுகளில் விளக்கு பளிச்சென்று எரிந்தது.

காலையில் தண்டோரா போட்டார்கள். மாமன்னர் தம் வெளிச்சத்தை ஒரு மாலை முழுவதும் மக்களுக்காகத் தியாகம் செய்தார். நன்றி விழாவுக்காக எல்லோரும் கம்பியைத் திரும்ப மாட்ட வேண்டும். மாட்டும் தெருவுக்கு வெல்வெட் மெத்தை. ஒரு வீடு பாக்கியிருந்தாலும் அந்தத் தெருவுக்கே மெத்தை கிடையாது.

செங்கமலம் கம்பியைத் தொடவில்லை. பொன்னாடையை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருந்தாள். மருதையன் தூங்கிக்கொண்டிருந்தான்.

பவளக்கொடி வந்து வாசலில் நின்றாள். அவளுக்குப் பின்னால் தெருவே நின்றது. அவள் கட்டிலைப் பார்த்தாள், கழற்றிக் கிடந்த கம்பியைப் பார்த்தாள்.

"அக்கா," என்றாள், தலையைக் குனிந்துகொண்டு. "வெல்வெட்டாம்க்கா."