பெக்கோ மாமா தரம் பிரித்த சுவர்

ஊவா மாகாணம் முழுவதிலும் மணலைக் குடித்துப் பார்த்து வாங்கியவர் பெக்கோ மாமா ஒருவர்தான். இது மிகை அல்ல. பிரதேச சபையில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக, அதாவது டி.ஓ.வாக, இருந்து ஓய்வு பெற்றவன் நான். மிகைப்படுத்துவதற்கு எங்களுக்கு மதிப்பீட்டு அறிக்கையில் மட்டுமே அனுமதி உண்டு.

ஸ்பிரிங்வெளிக்குப் போகும் வழியில் ஒரு தோட்டத்தில், தேயிலைத் தொழிற்சாலையின் சலிக்கும் அறையில் ஆயுளைக் கழித்தவர் அவர். தேயிலையில் தூளுக்கு டஸ்ட் என்று பெயர், நடுத்தரத்துக்கு பி.ஓ.பி., பெரிய இலைக்குப் பெக்கோ. தொழிற்சாலை மூடப்பட்டபோது மற்றவர்கள் சேமலாப நிதியோடு வீட்டுக்குப் போனார்கள். இவர் சல்லடைகளோடு போனார். சலிக்கத் தேயிலை இல்லாததால் மணலுக்கு மாறினார். யார் வீடு கட்டினாலும் அழைக்காமலே போய் மணற்குவியலின் பக்கத்தில் நின்றுவிடுவார்.

வெள்ளைக் கோப்பையில் ஒரு பிடி மணல் போட்டு, வெந்நீர் ஊற்றி, உறிஞ்சி, துப்புவார். பிறகு "சேறு, வேணாம்" என்பார். மணலைக் கண்ணாடிப் போத்தலில் தண்ணீரோடு குலுக்கி வைத்து, மேலே படியும் சேற்றின் கனத்தைப் பார்ப்பதுதான் முறை. நான் அப்படிப் பார்த்தாலும் பெரும்பாலும் அதே முடிவுதான் வரும். சில வேளை அவர் "வாசம் நல்லாருக்கு" என்பார். அதை எந்த விதியில் சேர்ப்பது என்று எனக்குக் குழப்பமாகிவிடும்.

தாய்மார் வேலைக்குப் போகையில் பிள்ளைகளை விட்டுப் போகும் பிள்ளைக் காம்பராவுக்குப் பின்னால் ஒரு மண்மேடு. மழைக்கு மழை அது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது. தாய்மார் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டே அந்தக் கூரையைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவள் பெக்கோ மாமாவின் மகள் செல்வி. அவளுடைய கைக்குழந்தையும் அங்கேதான் தொட்டிலில் கிடந்தது. மேட்டைத் தாங்க ஒரு கொங்கிரீட் சுவர் கட்டுவதென்று தோட்டத்தார் முடிவு செய்தார்கள். திட்டத்துக்கு நான், கல் மணலுக்குப் பெக்கோ மாமா. யார் இப்படிப் பிரித்தார்கள் என்பது இன்றுவரை தெரியவில்லை.

முதல் குழப்பம் பதுளைச் சீமெந்துக் கடை நானாவிடமிருந்து தொலைபேசியில் வந்தது. "டி.ஓ. ஐயா, ஒங்கட ஆள் ரெண்டு கியூப் பி.ஓ.பி.யும் ஒரு கியூப் பெக்கோவும் கேக்கிறார். நான் சீமெந்து விக்கிற மனுசன். தேயிலைக்கு எங்க போற?"

பெக்கோ என்றால் முக்கால் அங்குலக் கல், பி.ஓ.பி. என்றால் ஆற்று மணல் என்று மொழிபெயர்த்தேன். கல்லுக்குள் மூன்று அளவு வேண்டும் என்றும் சொன்னேன். அந்த அளவுகளுக்கும் பெயர் என்ன என்று அவர் கேட்டார். நானே வாய்தவறி ஒரு தேயிலைப் பெயரைச் சொல்லிவிட்டேன்.

கல் வந்து இறங்கியதும் பெக்கோ மாமாவின் முகம் கறுத்தது. பெரிய கல்லின் இடைவெளியைச் சின்னக் கல் அடைக்க வேண்டும், சின்னக் கல்லின் இடைவெளியை மணல் அடைக்க வேண்டும், அதனால்தான் எல்லா அளவும் கலந்து வருகிறது என்று விளக்கினேன்.

"பெரிசும் சின்னதும் ஒண்ணாப் போட்டா அதுக்குப் பேரு கலப்படம்ங்க ஐயா. ஏலத்துல எவன் வாங்குவான்?"

"இதை யாரும் ஏலத்துக்குக் கொண்டு போகப் போறதில்ல, மாமா."

"அதுக்காக மனசாட்சிய விட்ர முடியுமா?"

கொங்கிரீட் போடும் நாளில் நான் பதுளைக்குப் போக வேண்டியிருந்தது. நான் இன்னும் உயிரோடு இருப்பதை ஓய்வூதியத் திணைக்களத்துக்கு ஆண்டுதோறும் நிரூபிக்க வேண்டும். கல்லும் மணலும் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியாகக் குவிக்கப்பட வேண்டும் என்பது விதி. ஆகவே புறப்படும்போது, "எல்லாத்தையும் தரம் பிரிச்சு வைங்க, மாமா" என்று சொல்லிவிட்டுப் போனேன். விதிப்படி அதில் ஒரு எழுத்துக்கூடப் பிழை இல்லை.

தரம் பிரிப்பது என்றால் என்ன என்று ஒரு தேயிலைக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சல்லடைகளை இறக்கினார். சின்னக் கல்லையும் மணலையும் சலித்து ஒதுக்கினார். ஒரே அளவான கல்லும் சீமெந்துக் கரைசலும் மட்டும் சுவருக்குள் போயின. மேசன்மார் தயங்கியபோது, "டி.ஓ. ஐயா உத்தரவு" என்றாராம்.

பலகையைக் கழற்றியபோது சுவர் பொரியுருண்டை மாதிரி நின்றது. ஒரு ஈர்க்குச்சியை விட்டுப் பார்த்தேன். குச்சி காணாமல் போயிற்று.

"சுத்தமான பெக்கோ. ஒரு பொட்டு டஸ்ட் கெடையாது" என்றார் அவர்.

செல்விதான் முதலில் வாய் திறந்தாள். "வீட்டுல அரிசியச் சலிச்சு நொய்யக் கோழிக்குப் போட்டியே, அதோட நிறுத்தக் கூடாதாப்பா? இதுக்குக் கீழதானே எம்புள்ள தூங்குது."

அவர் கையிலிருந்த சல்லடையைக் கீழே வைத்தார். வருகிற ஞாயிறு சுவரை உடைக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னேன்.

ஞாயிறுக்கு முன்னால் மழை வந்தது. விடாத மழை. பிள்ளைகளைக் கோயிலுக்கு மாற்றினோம். பக்கத்துத் தோட்டத்தில் வழுவழுப்பாகக் கட்டிய சுவரொன்று படுத்துவிட்டதாகச் செய்தி வந்தது. நானும் பெக்கோ மாமாவும் ஒரே குடையில் போய்ப் பார்த்தோம். சுவரின் உடம்பெல்லாம் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. நான் கணக்குப் போட்டு வைத்த வடிகுழாய்கள் வேலையில்லாமல் வேடிக்கை பார்த்தன. சுவர் மட்டும் அசையவில்லை.

"ஐயா சொன்னது சரிதான். ஓட்டச் செவுரு. மழ விட்டதும் ஒடச்சிருவோம்" என்றார்.

"ஒடைக்கக் கூடாது."

"ஐயாதானே ஒடைக்கச் சொன்னீங்க?"

"ஆமா. ஆனா இப்ப நிக்குதே மாமா."

"நிக்குது, சரி. ஏன் நிக்குது?"

மண்ணுக்குள் தேங்கும் தண்ணீர்தான் சுவரைத் தள்ளும், இங்கே தேங்க வழியில்லை, எல்லாம் ஓட்டை வழியே வடிந்துவிட்டது என்றேன். இதையே கூரைக்குப் போட்டிருந்தால் குடை பிடித்துத் தூங்கியிருப்போம் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

"அப்ப நான் செஞ்சது தப்பா, சரியா?"

எனக்குத் தெரிந்த எந்தச் சுற்றுநிருபத்திலும் இதற்குப் பதில் இல்லை. குடையை அவர் பக்கம் கொஞ்சம் சாய்த்தேன்.

சில வருடங்களில் பெக்கோ மாமா போய்ச் சேர்ந்துவிட்டார். சுவர் இருக்கிறது. செல்வியின் பிள்ளை அதன்மேல் ஏறிக் குதிக்கிறது. சென்ற மாதம் தோட்டத்தார் பார்க்க லட்சணமாக இல்லையென்று அதற்குப் பூச்சுப் பூச வந்தார்கள். தண்ணீர் வடிய வேண்டும், பூசக் கூடாது என்று முறைப்படி ஆட்சேபம் தெரிவித்தேன். காரணம் உண்மைதான். ஆனாலும் அவர் கையால் சலித்த கற்கள் ஒவ்வொன்றும் வெளியே தெரியட்டும் என்பதுதான் என் எண்ணம். அது எந்த விதியில் வருகிறது என்று நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை.