பேராசிரியர் பெருச்சாளிக்கு இழைக்கப்பட்ட அநீதி

போன சனிக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். லேப்டாப்பை டிவியோடு இணைக்க ஒரு கேபிள் வாங்கி வர வேண்டும்.

கேபிள் எதற்கு? பந்தயம்!

என் மகள் யாழினி சனிக்கிழமை காலையானால் ஒரு கார்ட்டூன் பார்ப்பாள். அதில் ஒரு ஊதாப் பூனை கத்தும், விழும், எழுந்து மறுபடி கத்தும். கதை அவ்வளவுதான். நான் பக்கத்தில் உட்கார்ந்து விமர்சனம் செய்வேன்.

"இதுக்குப் பேரு கதையா? எங்க காலத்துல இதே நேரத்துல 'பேராசிரியர் பெருச்சாளி' போடுவாங்க. அது காவியம்!"

"காட்டுங்கப்பா, பாக்கலாம்" என்றாள் ஒருநாள். "நல்லா இருந்தா நான் பூனையை விட்டுடறேன். இல்லன்னா சனிக்கிழமை என்கூட உக்காந்து நீங்க பூனை பாக்கணும். வாயே திறக்கக் கூடாது."

வாயைத் திறக்காமல் கார்ட்டூன் பார்ப்பதா! அதற்குப் பேசாமல் என் உயிரைக் கேட்டிருக்கலாம்.

பெருச்சாளியைப் பற்றிப் போன மாதம் இந்த வலைப்பூவில் நீட்டி முழக்கியிருந்தேன். ஊரில் ஏதாவது காணாமல் போகும். ஒரு வாரம் கோயில் மணி, ஒரு வாரம் பள்ளிக்கூடத்துக் கூரை. ஊர்க் கூட்டத்தில் கண்ணாடி போட்ட பேராசிரியர் எழுந்து, பிசிறில்லாத தமிழில் காரணகாரியங்களை விளக்குவார். ஒருவரும் காதில் வாங்க மாட்டார்கள். கடைசியில் அதே ஊர் அவரை மாட்டுவண்டியில் கட்டி, தக்காளி எறிந்து துரத்திவிடும்.

"அறிவாளியை இந்தச் சமூகம் நடத்தும் லட்சணம் இதுதான்" என்று முடித்திருந்தேன். 'நானும் அழுதிருக்கிறேன் சார்' என்று ஆளாளுக்குப் பின்னூட்டம் போட்டீர்கள். ஒரு புண்ணியவான் முழு எபிசோடு ஒன்றைத் தேடிப் பிடித்து அனுப்பியும் வைத்தார். அவர் நன்றாக இருக்கட்டும்.

சாட்சிக்கு வண்டலூரிலிருந்து என் அக்காவை வரச் சொல்லியிருந்தேன். அந்தக் காலத்தில் ஒரே டிவியில் ஒன்றாகப் பார்த்தவள். பெருச்சாளியின் பெருமையைச் சொல்ல என் ஒரு வாய் போதாது என்று நினைத்தேன். எல்லாம் கொழுப்பு.

கோவிலம்பாக்கத்திலிருந்து கீழ்க்கட்டளைக்கு வண்டியை விட்டேன். கடைக்காரர் டிராயரைக் குடைந்து, காதில் மாட்டும் ஜிமிக்கி மாதிரி ஒரு கேபிளை எடுத்து வைத்தார்.

"இது ஒண்ணுதான் கீது சார்."

"அரை மீட்டர்கூட இருக்காது போல! இதை வச்சு எப்படிப் பாக்கறது?"

"டிவி பக்கத்துல போய் குந்திக்கோ சார். சூப்பரா தெரியும்."

வேறு கடை தேடலாம் என்றால் அக்காவிடமிருந்து போன். "நான் வந்துட்டேன், நீ எங்கடா இருக்க?"

வாங்கிக்கொண்டு வந்தேன். எங்கள் டிவி சுவரில் என் நெற்றி உயரத்தில் மாட்டியிருக்கிறது. கேபிள் அங்கிருந்து இறங்கி என் மார்போடு நின்றுவிட்டது. மேஜை எட்டவில்லை. ஸ்டூல் எட்டவில்லை. கடைசியில் நானே டிவிக்குப் பக்கத்தில், தீபாராதனைத் தட்டை ஏந்தியவன் போல லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நின்றேன். கொஞ்சம் அசைந்தால் படம் போய்விடும்.

"அசையாதீங்கப்பா!"

ஆரம்பித்தது. கோயில் மணி காணவில்லை. கூட்டம். பேராசிரியர் எழுந்தார்.

"கேட்டியா! என்ன தமிழ்! உன் பூனைக்கு இப்படி ஒரு வாக்கியம் வருமா?"

யாழினி டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பேராசிரியர் வீட்டுக்குப் போனார். கதவைத் தாழிட்டார். திரையை விலக்கினார். பின்னால் கோயில் மணி!

"அப்பா, திருடனே இவன்தான்!"

"இரு, அவசரப்படாதே. இது கனவுக் காட்சியா இருக்கும்."

கனவு இல்லை. பேராசிரியர் மணியைத் துடைத்தார். சிரித்தார். காயலாங்கடைக்காரரை வரவழைத்து விலை பேசினார். அதுவும் அதே பிசிறில்லாத தமிழில்.

என்னால் நகர்ந்து போகவும் முடியாது, உட்காரவும் முடியாது. கையில் லேப்டாப்.

"இந்த ஒரு எபிசோடுலதான் இப்படி..." என்றேன்.

"எல்லாத்துலயும் இப்படித்தான்டா" என்றாள் அக்கா, முறுக்கைக் கடித்தபடி. "வாராவாரம் அவன்தான் திருடுவான். அதானே கதையே."

"நான் பாத்ததே இல்லையே!"

"எப்படிப் பாப்ப? சனிக்கிழமை உனக்கு எண்ணெய்க் குளியல்."

அப்போதுதான் உறைத்தது. தலை நிறைய நல்லெண்ணெய், இடுப்பில் துண்டு, சோபா பாழாகாமல் இருக்கக் கீழே ஒரு செய்தித்தாள். நான் உட்கார்ந்து பார்த்த கோலம் அது. முதல் விளம்பரம் வந்ததும் அம்மா குளியலறைக்கு இழுத்துப் போய்விடுவாள். சீயக்காய் தேய்த்து விடுதலையாகி வரும்போது ஊர் தக்காளியோடு தயாராக நிற்கும். நடுக்கதையை நான் ஒரு வாரம்கூடப் பார்த்ததில்லை.

"நீ மட்டும் எப்படிப் பாத்த? நீயும்தானே எண்ணெய் தேச்சுக் குளிப்ப?"

"பொண்ணுங்களுக்கு வெள்ளிக்கிழமைடா."

"அப்ப கடைசில நான் அழுவேனே! அது?"

"சீயக்காய்."

யாழினி தரையில் உருண்டு உருண்டு சிரித்தாள். ஊதாப் பூனைக்குக்கூட அவள் அப்படிச் சிரித்ததில்லை.

"இத்தனை வருஷமா ஏன்க்கா சொல்லலை?"

"நீ எப்ப வாயை மூடின, நான் சொல்றதுக்கு?"

இரவு உங்கள் பின்னூட்டங்களைத் திரும்பப் படித்தேன். பெருச்சாளிக்காக அழுததாக எழுதிய அத்தனை பேரும் ஆண்கள். ஒரு பெண்கூட இல்லை. ஒரு தலைமுறையின் அறச்சீற்றம் முழுக்கச் சீயக்காய்தான் போலிருக்கிறது.

பந்தயம் பந்தயம்தான். இந்தச் சனிக்கிழமை யாழினியோடு உட்கார்ந்து ஊதாப் பூனை பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. ஆனால் பாதியில் எழுந்து போகக் கூடாதென்று அவள் சொல்லவில்லை. முதல் விளம்பரத்தில் எழுந்து போய், எண்ணெய் தேய்த்து நிதானமாகக் குளித்துவிட்டுக் கண் சிவக்க வந்து உட்கார்ந்தேன்.

பூனையும் காவியம்தான்.