கர்ச்சீப் போட்ட நாற்காலி

ஒரு முடிவுக்கு வந்துட்டேன். என் பொண்டாட்டி மெர்சி, பொண்ணு மலரு ரெண்டு பேரையும் ரயில் பைத்தியமா ஆக்கிடணும்.

என்கிட்ட ஒரு குட்டி ரயில் இருக்கு. இஞ்சின், பொட்டிங்க, தண்டவாளம், தீப்பெட்டி சைஸ்ல ஒரு ஸ்டேஷன். பெங்களூரு விவேக் நகர்ல எங்க வீடும் ஏறக்குறைய அந்த சைஸ்தான். தண்டவாளம் போட சாப்பாட்டு மேசைய விட்டா இடமில்ல. ஞாயித்துக்கிழமை காலையில விரிச்சா, மதியம் குழம்பு வர்றதுக்குள்ள சுருட்டணும். காலேஜையே பாதியில விட்டவன் நான். ரயிலை பாதியில விட மனசு வரல.

அவங்களுக்கும் பிடிச்சுட்டா மேசை நிரந்தரமா ரயிலுக்கு. வண்டி ஓட்டுற திருகு மட்டும் என் கையில. அதான் பிளான்.

மெர்சிகிட்ட சொன்னேன்.

"அப்ப எங்க சாப்புடுறது?"

"தரையில. உடம்புக்கு நல்லது."

"நானும் மலரும் வெளையாடலாமா?"

"தாராளமா. ஆனா இது பொம்மை இல்ல, ரயில்வே. நெஜ ரயில்ல என்ன ரூலோ அதான் இங்கயும்."

"எல்லா ரூலுமா?"

"எல்லா ரூலும்."

"மலரு, கேட்டுக்கோ. அப்பாவே சொல்லிட்டாரு."

இங்கதான் ஒண்ண மறந்துட்டேன். மெர்சி கோலார் தங்கவயல் பொண்ணு. கல்யாணத்துக்கு முன்னாடி வருஷக்கணக்கா மாரிக்குப்பம் வண்டியில பெங்களூருக்கு வேலைக்கு வந்து போனவ. நான் ரயிலை யூடியூப்ல பார்த்தவன். அவ ரயில்ல முட்டி மோதி வாழ்ந்தவ.

அடுத்த ஞாயிறு தண்டவாளத்த மாட்டிட்டு பல்லு தேய்க்கப் போனேன். திரும்பி வந்தா, திருகுக்கு முன்னாடி இருந்த நாற்காலியில பூப்போட்ட கர்ச்சீப்.

"இது யாரோடது?"

"என்னோடது. சீட்டு போட்டிருக்கேன்"னா மெர்சி.

"இது என் நாற்காலி."

"நீங்க கர்ச்சீப் போட்டீங்களா? இல்லல்ல? எங்க வண்டியில கர்ச்சீப் விழுந்தா விழுந்ததுதான். மந்திரியே வந்தாலும் நிக்கணும்."

பக்கத்து நாற்காலியில ஒரு தண்ணி பாட்டில்.

"அது எனக்கு"ன்னா மலரு. ஆறு வயசு.

வீட்டுல நாற்காலியே ரெண்டுதான்.

"மெர்சி, ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி. கொஞ்சம் தள்ளி ஒக்காரு."

"அண்ணா, மேல சாயாம நில்லுங்க. ஒயிட்ஃபீல்டுல யாராச்சும் எறங்குவாங்க."

கட்டின புருஷன் அண்ணாவாம். நின்னுட்டே வந்தேன். ஒயிட்ஃபீல்டு வரவே இல்ல. வட்டமா போட்ட தண்டவாளத்துல எப்படி வரும்?

விடுவனா? அதுக்கடுத்த ஞாயிறு பால் வர்றதுக்கு முன்னாடியே எழுந்து ரெண்டு நாற்காலியிலயும் கர்ச்சீப் போட்டேன். அது பத்தாதுன்னு மேல லுங்கியும். அப்புறம் நிம்மதியா குளிக்கப் போனேன்.

வந்து பார்த்தா கர்ச்சீப்பெல்லாம் மடிச்சு ஜன்னல்ல இருக்கு. திருகு மெர்சி கையில. விசில் மலரு வாயில. செவுத்துல கிரேயான்ல பெருசா எழுதியிருக்கு: லேடீஸ் மட்டும். கீழ கன்னடத்துலயும். ஸ்கூல் ஃபீஸ் வீணாகல.

"நான் கர்ச்சீப் போட்டிருந்தேன்."

"தப்பான பொட்டியில போட்டுட்டீங்க."

"அப்ப ஆம்பளைங்க யாருமே ஏற முடியாதா?"

மெர்சி யோசிச்சா. பாசமாத்தான் யோசிச்சா.

"ஒருத்தர் ஏறலாம்."

"யாரு?"

"காபி விக்கிறவரு."

"அப்பா, மூக்கால கத்திக்கிட்டே வரணும். இல்லன்னா ஏத்த மாட்டோம்"னா மலரு.

அடுப்ப பத்த வச்சேன். ரெண்டு டம்ளர எடுத்துக்கிட்டு வந்தேன். மூக்கால கத்தினேன். "காப்பி, காப்பி, காப்பீ..."

மெர்சி திருகுலேர்ந்து கையெடுக்காம திரும்பினா.

"வடை இல்லையா, அண்ணா?"